சுகந்தி அக்கா சொன்ன கதை

கலா அக்கா தொலைபேசியில் அழைத்தபோது நான் மல்கிரேவ் அலுவலகத்தில் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் சுகந்தி அக்கா விழுந்துவிட்டார், இதயம் நின்றுவிட்டது என்றார். "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று கேட்டுவிட்டு, மிச்சப் பக்கங்களையும் கொப்பி எடுத்து ஒழுங்காக அடுக்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் விளங்கவில்லை.

நாங்கள் மூவரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். அவர்கள் இருவரும் 2012இல் அகதிகளாகப் படகில் வந்தவர்கள். நான் படிக்க வந்து வேலையில் சேர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான்; இந்த வீட்டிலும் எந்தப் படிவம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். சுகந்தி அக்காவோடு முதன்முதலில் நெடுநேரம் கதைத்ததும் அவருடைய விசாப் படிவத்தை நிரப்பும்போதுதான். அவருடைய ஒரே தங்கை நித்தியா 2009இல், போரின் கடைசி நாட்களில், காணாமற்போனவர். சகோதரர் உயிருடன் உள்ளாரா என்று படிவம் கேட்டது. நான் பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.

"இருக்கிறா எண்டு போடு."

"விலாசம், அக்கா?"

"அதை விடு."

அந்த வீட்டு அலுமாரியில், முன்பு குடியிருந்த யாரோ விட்டுப்போன மூன்று ஜப்பானியக் கார்ட்டூன் டிஸ்க்குகள் கிடந்தன. பெயர்பெற்ற ஒரு வீடியோ கேமை வைத்து, தியேட்டருக்கு வராமல் வீடுகளுக்கென்றே எடுத்த படங்கள். விளையாட்டைத் தெரிந்தவர்களுக்காக எடுத்ததால் யார் எவர் என்று சொல்லாமலே கதை தொடங்கிவிடும். வசனத்துக்குத் திரையின் கீழே ஆங்கில எழுத்தும் ஓடாது. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை செய்த சுகந்தி அக்கா, சனிக்கிழமை பின்னேரங்களில் தன் சீருடைகளை அயர்ன் செய்துகொண்டே எங்களுக்குத் தமிழில் கதை சொல்லுவார். துபாயில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் வீட்டில் ஆறு வருடம் வேலை செய்தவர் அவர். ஒருமுறை நூடுல்ஸ் கடைக்கார அம்மாவோடு ஜப்பானிய மொழியில் கதைத்து அவரைச் சிரிக்க வைத்ததை நானே பார்த்தேன்.

கதையில் இரண்டு சகோதரிகள். முதல் டிஸ்க்கின் முடிவில், பெரிய வாள் வைத்திருக்கும் அக்காவைக் காப்பாற்றத் தங்கை வெளிச்சம் நிறைந்த ஒரு வாசலுக்குள் ஓடுகிறாள். கதவு மூடிக்கொள்கிறது.

"அவள் மற்றப் பக்கம் நிக்கிறாள்," என்பார் சுகந்தி அக்கா. "பெரியவளுக்கு வழி தெரியேல்லை, அவ்வளவுதான். எடி கலா, நித்திரையோ? இனித்தான் கதையே."

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. அவர் விரும்பிய படத்தின் பெயரையாவது பிழையில்லாமல் எழுத நினைத்து, நகரத்துப் பழைய டிஸ்க் கடையில் தேடினேன். ஆங்கில எழுத்தோடு அதே படம் கிடைத்தது. தங்கை முதல் டிஸ்க்கிலேயே இறந்துவிடுகிறாள். அதன் பிறகு வருவதெல்லாம் அக்காவின் நினைவுகள். மூன்றாவதில், "நீ இறந்து மூன்று வருடம்" என்று அந்த அக்காவே சொல்கிறாள்.

சுகந்தி அக்காவுக்கு அந்த வசனம் விளங்காமல் இருந்திருக்க முடியாது. அப்படியானால் எங்களை ஏமாற்றினாரா? தன்னையா? இரண்டு நாள் யோசித்தும் பிடிபடவில்லை. அதற்கிடையில் மலர் அச்சிடுபவர் அழைத்தார். உறவினர் வரிசையில் நித்தியாவின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் கலா அக்காவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கும் அப்பவே ஐமிச்சம் வந்தது. இது செத்துப்போன மாதிரியெல்லோ கிடக்கு எண்டு ஒருநாள் கேட்டனான்."

"என்ன சொன்னவா?"

"அயர்ன் பெட்டியை நிமித்தி வச்சா. 'பிரேதத்தைக் காட்டினவங்களே?' எண்டா. பிறகு நான் கேக்கேல்லை."

அன்றிரவு மூன்றாவது டிஸ்க்கை மறுபடியும் முழுதாகப் பார்த்தேன். உண்மைதான், காட்டவில்லை. அந்த அக்கா கடற்கரையில் தனியாக நிற்கிறாள், படம் முடிகிறது. எது சரியான கதை என்று எனக்கு இப்போதும் தெரியாது.

காலையில் அச்சகத்துக்கு அழைத்தேன். இந்த மலரின் முதல் பக்கத்தில், "நித்தியாவின் அன்புச் சகோதரியும்" என்ற வரி இருக்கிறது. பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. அச்சுப்பிழை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சுகந்தி அக்கா, அன்று படிவத்துக்கு நீங்கள் சொன்னபடியே இங்கேயும் போட்டிருக்கிறேன். விலாசத்தை விட்டுவிட்டேன். போய் வாருங்கள்.