காளானுக்கு முதல் இலை

அப்பா தலைப்பாகைத் துணியில் கட்டிக்கொண்டு வந்த புற்றுக்காளான்கள் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சோற்றுத்தட்டு அகலம். கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், அப்பா, அம்மா, நான், தங்கை, அத்தை என்று ஐந்து பேரும் ஒரே காம்பராவில் குடியிருந்த காலம். பிள்ளைகளே, அரிசி குறைந்த மாதங்களில் காளான்தான் எங்களுக்குக் கறியும் சோறும்.

சமைப்பது அத்தை. அப்பாவின் தங்கை, கணவன் இறந்தபின் பிள்ளையில்லாமல் எங்களோடு வந்து ஒண்டியவர். காம்பைக் கிள்ளிவிட்டு, குடையை விரலால் நார்நாராகக் கிழிப்பார். பூண்டும் மிளகாயும் தட்டிப்போட்டு, அதன் தண்ணீர் சுண்டும்வரை வதக்கி, கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றுவார். கோழிக்கறி தோற்றுப்போகும்.

விஷக்காளான் கலந்திருந்தால்? அதற்கு எங்கள் வீட்டில் ஒரு முறை இருந்தது. முதல் இலை அத்தைக்கு. அவர் தின்று முடித்து, ஒரு கேத்தல் தண்ணீர் கொதித்து ஆறும்வரை நாங்கள் நால்வரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

"ஒனக்கு ஒன்னு ஆனா அழறதுக்குப் புள்ளயா, குட்டியா?" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். அத்தையும் சிரிப்பார். அம்மாவைப் பார்த்து, "இன்னும் சாவல அண்ணி, எலயப் போடுங்க" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தின்று முடித்த கையோடு அத்தைக்கு உடம்பு நடுங்கியது. பல் கிட்டியது. சுவரோடு சாய்ந்தார். அம்மா அவரைத் தொடவில்லை. தங்கைக்கு எட்டாதபடி சட்டியைத் தள்ளிவைத்தார். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் வாசலோரம் ஓடிய சாக்கடைக் கானில் கொட்டினார். அத்தைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் தோட்டத்து மருந்துக்காரர் வந்து நெற்றியைத் தொட்டார். "காளான் இல்லப்பா, குளிர்காய்ச்சல். ரெண்டு மூனு நாளாவே இருந்திருக்கு. மொகத்தப் பாத்தாலே தெரியுமே, யாரும் பாக்கலயா?"

அத்தையின் முகத்தை அத்தனை நேரம் பார்த்தவர்கள் நாங்கள்.

மூன்றாம் நாள் அத்தை இறந்தார். கடைசியாக அப்பாவிடம்தான் பேசினார்: "நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே. வீணாக் கொட்டிட்டீங்களே."

இப்போது கண்டி டவுனில் உங்கள் அம்மா காளான் சமைத்தால், யாருக்கும் காத்திராமல் சட்டியில் கை வைக்கிறீர்கள். அப்படியே இருங்கள். உங்கள் அப்பனை மட்டும் நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தை நடுங்கிக்கொண்டிருந்த அந்த மத்தியானம் நானும் அழுதேன். கானில் போன காளானுக்காக.