சுகந்தி மேடம் எனக்காக அடித்த வரி

அன்று காலையில் சுகந்தி மேடத்தின் வீட்டுக்காரர் என் இஸ்திரி வண்டிக்கு வந்தார். கையில் பச்சைப் பட்டுப்புடவை. "இத மட்டும் சீக்கிரம் தேச்சுக் குடுங்க ஏழுமலை" என்றார். "மேடம் எங்க, கல்யாணத்துக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். நான் புடவையை விரித்த பிறகுதான் அவர் சொன்னார்: "விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா. போயிட்டா." அந்தப் புடவையை எப்படித் தேய்த்தேன் என்று எனக்கு நினைவில்லை.

பொழிச்சலூரில் அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எழுதப் படிக்கக் கற்றது இந்த வயதில், இப்போதுதான். மெதுவாகத்தான் வரும். ஓர் எழுத்து கோடு தாண்டாமல் நின்றுவிட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. துக்கத்திலும் வருகிறது. மன்னியுங்கள்.

மேடம் கவிதை எழுதுவார் என்பது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும் சண்டை, தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு விட்ட இடத்தில் தொடரும் நம் பழக்கம், எல்லாம் அவருக்குக் கவிதை. ஏதாவது பத்திரிகையில் வரப்போகிறது என்றால், தேய்த்த புடவையையே மறுபடி தூக்கிக்கொண்டு வருவார்.

"இது நேத்து தேச்சதாச்சே மேடம்."

"தெரியும்ண்ணா. கவிதை வருது, அதச் சொல்லணும். கையை வீசிட்டு எப்படி வர்றது?"

என்னைப் பற்றியும் ஒன்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு, எனக்குப் படித்துக் காட்டினார். அதில் ஒரு வரியில், தெருப் பெயரோடு என் வண்டி நிற்கும் இடம் இருந்தது. கேட்டதும் மனப்பாடமாகிவிட்டது. சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

மறுவாரம் மழைநீர் வடிகாலுக்காக டேப் பிடித்து அளக்க ஆட்கள் வந்தார்கள். "ஓரமா நிக்கிற வண்டியெல்லாம் எடுக்க வேண்டியிருக்கும்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். மேடம் வீட்டுக்கு ஓடினேன்.

"மேடம், அந்த எடத்துப் பேரு வாணாம். ஆபீசுல எவனாவது பட்ச்சுட்டு, இங்க ஒரு வண்டி கீதுன்னு வந்து தூக்கிட்டான்னா? நான் இன்னா பண்ணுவேன்?"

"கவிதையெல்லாம் எந்த ஆபீஸ்லண்ணா படிக்கிறாங்க!" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். அப்போதே பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டார். அந்த வரி இல்லாவிட்டால் கவிதையே நிற்காது என்று அவர் கத்தியது எனக்கும் கேட்டது.

மேடம் சொன்னார்: "கவிதை நிக்கலைன்னா பரவாயில்ல சார். இவர் நிக்கணும்."

இதழ் வந்ததும் என் கையில் கொடுத்தார். "எடுத்தாச்சுண்ணா." தலையாட்டினேன். ஆனால் எது எந்த வரி என்று எனக்கு எப்படித் தெரியும்? மனம் ஆறவில்லை. அவர் கண்டுபிடித்துவிட்டார். "நம்பலைன்னா கோபமில்லண்ணா. நீங்களே படிச்சுப் பார்த்தாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்."

அந்தப் பயத்தில்தான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பஸ் பலகையில் 'தாம்பரம்' என்று முதன்முதலாகப் படித்தபோது, ஏறாத பஸ்ஸுக்குக் கையாட்டினேன். டிரைவரும் திருப்பி ஆட்டினார்.

காரியம் முடிந்த பிறகு அந்தக் கவிதையை விரல் வைத்துப் படித்தேன். வரி இல்லை. அதன் இடத்தில் 'எங்கோ ஒரு தெருவில்' என்று மட்டும் இருந்தது. ஆசிரியர் கத்தியது சரிதான். கவிதை அங்கே நொண்டுகிறது, எனக்கே தெரிகிறது. எனக்காக அதை நொண்டவிட்டு, ஒரு வார்த்தை சொல்லிக் காட்டாமல் போய்விட்டார்.

டேப் பிடிக்கும் ஆட்கள் இன்னும் வந்துபோகிறார்கள். எந்த நாள் வண்டியை எடுக்கச் சொல்வார்களோ என்ற பயம் போகவில்லை. ஆனால் அச்சில் வராத அந்த வரி என்னிடம் இருக்கிறது. மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அடுத்த வரியோடு சேர்த்து அதை என் கையாலேயே எழுதுகிறேன். இந்த முறை யாரும் அடிக்க வேண்டாம்.

குளக்கரைத் தெரு முனையில், டிரான்ஸ்பார்மருக்கும் பூவரசுக்கும் நடுவே,
ஓர் ஆள் அகலத்துக்கு இருக்கிறது ஊர்.