இசபெல்லின் மருந்துத் தண்ணீர்

இசபெல் சும்மா நின்று நான் பார்த்ததில்லை. ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்ட ஆஸ்பத்திரி. நான் மருந்து கொடுப்பவன், அவள் வார்டு ஆயா. பன்னிரண்டு கட்டில்களுக்கும் அவள் ஒருத்திதான். மலசலம் அள்ளுவாள், கஞ்சி ஊட்டுவாள், முறைத்துக்கொண்டு கிடப்பவனையும் சிரிக்க வைத்துவிடுவாள். யாழ்ப்பாணத்திலிருந்து தலைக்கனத்தோடு வந்த எனக்கும் முதல் காய்ச்சலில் கஞ்சி தந்தவள் அவள்தான்.

சிறுநீர் போகாதவர்களுக்குச் செருகும் ரப்பர் குழாய்கள் அவள் பொறுப்பு. பாவித்ததைக் கழுவி, பேசின் பாத்திரத்தில் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீர் ஊற்றி அதில் ஊறப்போடுவாள். எழுபத்துநாலு பஞ்சத்தில் அரிசிக்கே வழியில்லை, மருந்துக்கு எங்கே போவது? மாதம் ஒரு போத்தல்தான் கொடுப்பேன். மேலே கேட்டால் சீறுவேன். அவள் சண்டைக்கு வரவில்லை. கத்தோலிக்க வேதக்காரி அல்லவா? அவர்கள் வீட்டில் தீர்த்தப் போத்தலை வற்ற விடமாட்டார்கள். பாதியாகும் முன்பே பச்சைத் தண்ணீர் சேர்த்துவிட்டால் முழுவதும் தீர்த்தம்தான்.

"பேசினையும் அப்படித்தாங்கய்யா வச்சிருக்கேன். கொறையக் கொறைய மருந்தும் தண்ணியுமா ஊத்திக்கிருவேன். ஒரு நாளும் காலி பண்ணதில்ல" என்று பெருமையாகச் சொன்னாள்.

கெட்டிக்காரி என்று மெச்சினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எழுபத்தாறில் அவள் புருஷன் லியனார்ட் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டான். சிறுநீர் அடைத்துவிட்டது. டாக்டர் குழாய் கேட்டார். இருந்ததிலேயே மெத்தென்றதாகப் பார்த்து இசபெல்லே எடுத்துக் கொடுத்தாள்.

நாலாம் நாள் குளிர்காய்ச்சல். பென்சிலின் போட்டோம், அசையவில்லை. கண்டியிலிருந்து வேறு ஊசி தருவித்தோம், அதற்கும் மசியவில்லை. சிறுநீரைப் பரிசோதித்த முடிவு ஒரு கிழமை கழித்து வந்தது. எங்களிடமிருந்த எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி சாகாதாம். அன்று மத்தியானம் அவள் கையைப் பிடித்தபடி லியனார்ட் போய்விட்டான்.

டாக்டர் பேசினைக் கவிழ்த்தார். அடியில் கஞ்சி ஆடைபோல வழுவழுவென்று ஒரு படலம். குழாய்களுக்குள்ளும் அதேதான். கிருமிகள் கூட்டமாகக் கூடி அந்தப் படலத்தைப் போர்த்திக்கொண்டு வாழ்கின்றன, மருந்து உள்ளே எட்டாது, போதாத மருந்தில் கிடந்து கிடந்து அவற்றுக்கு அது பழகியும் போயிருக்கும் என்று எனக்கு விளக்கினார். இசபெல் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் தினம் அந்தப் பேசினைப் பாத்தனான், இசபெல். பிழை என்னிலையும்தான்" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "அவருக்கு முந்தி வார்டுல கெடந்த மாயாண்டி அண்ணனுக்கும் நான்தானே கொழாய் எடுத்துக் குடுத்தேன்? அவரும் காய்ச்சல்லதானே போனாரு?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன்.

லியனார்டின் ஏழாம் நாள் பூசை முடிந்த கையோடு இசபெல் மாயாண்டியின் மனைவி பேச்சியம்மாவின் லயத்து வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தாள்.

"ஏசினவவோ?" என்று கேட்டேன்.

"இல்லீங்கய்யா. 'கடைசி வரைக்கும் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளுனவ நீ, ஒன்மேல பழி சொன்னா என் நாக்கு அழுகிப்போகும்'னு கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. நாலு அடி அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

மறுநாளே வேலையை விட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். பத்து வருஷம் ஆஸ்பத்திரிப் பாதையை மிதிக்கவில்லை. எண்பத்தாறில் நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் கண்டபோதும் வர மறுத்தாள். நானே ஊசியோடு லயத்துக்குப் போனேன். "வேணாங்கய்யா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

வெறும் பென்சிலினுக்கே இறங்கியிருக்கும் காய்ச்சல் அது.