கண்டக்டரம்மா வீட்டுச் சம்பளத் தேதி

பேருந்தில் டிக்கெட் கிழித்தே தலை நரைத்த அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லோரும் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பேர் போகவில்லை, குரலும் போகவில்லை. மருந்துக்கடை வாசலை ஆட்கள் அடைத்து நின்றால், "உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள இடம் இருக்குல்ல" என்று அவள் வாயிலிருந்து தானாக வந்துவிடும். ஆட்களும் தானாக நகர்வார்கள்.

அவள் அதட்டலுக்கு நகராதது பென்ஷன் ஒன்றுதான். மாதாமாதம் வரவேண்டிய பணம், பேருந்துக் கழகத்தின் கையில் காசு புரளும்போதுதான் வந்தது. மூன்று மாதம் சத்தமே இருக்காது. அப்புறம் மொத்தமாக வந்து விழும். விழுந்த வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி கலகலக்கும். மளிகைக்கடை பாக்கி தீரும், மகளுக்குக் கொஞ்சம் கைமாற்று போகும், இருக்கும்போதே வாங்கிவிடலாம் என்று ஒரு மிக்சி வந்து சேரும். பிறகு பழையபடி மளிகைக்கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக நடப்பது.

அவள் புருஷன் பெயிண்டர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு நொந்ததிலிருந்து எப்போதாவதுதான் வேலை. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல வராத மனுஷன். ஒருநாள் காலையில் அவர் குளியலறை வாசலில் மயங்கிச் சரிந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று கேட்டபோது, அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

டாக்டர் நகர்ந்ததும் கண்டக்டரம்மா கேட்டாள். "என்னங்க, மாத்திரை என்னாச்சு?"

"பாதிப் பாதியா உடைச்சுப் போட்டுக்கிட்டேன். பணம் வர்ற வரைக்கும் இழுத்துப் பிடிக்கலாம்னு பாத்தேன்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள். "இனிமே நம்ம வீட்டுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம். அவங்க எப்ப வேணா அனுப்பட்டும்."

"அவங்களே குடுக்காதப்போ நீ எங்கேருந்து குடுப்பே?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க மாத்திரையை முழுசா போடுங்க."

அடுத்த வாரமே ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடும் வேலைக்குச் சேர்ந்தாள். இனி வண்டிப் படியில் கால் வைப்பதில்லை என்று ஓய்வு பெற்ற அன்று சபதம் போட்டவள். முழங்கால் இரண்டும் அந்தச் சபதத்தைத் தினமும் நினைவுபடுத்தின. "நீங்க பஸ்ஸை விட்டு இறங்கவே மாட்டீங்களாம்மா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "இன்னும் ஸ்டாப் வரலையே" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

முன்னறையை ஒரு நர்ஸுக்கு வாடகைக்கு விட்டார்கள். கட்டில் அடுக்களைக்கு அடுத்த அறைக்குப் போனது. காலையில் குக்கர் விசில் காதுக்குள்ளேயே அடிக்கும். வாடகையும் வேன் சம்பளமும் சேர்ந்து வயிற்றைக் கழுவின. அதனால் அடுத்த தடவை பென்ஷன் மொத்தமாக வந்தபோது, முதன்முறையாக அதற்காக யாரும் வாசலில் காத்திருக்கவில்லை.

நேராக வங்கிக்குப் போனாள். பணம் தனிக் கணக்கில் விழவேண்டும், அதிலிருந்து ஒன்றாம் தேதிதோறும் ஒரு தொகை மட்டும் வீட்டுக் கணக்குக்கு வரவேண்டும் என்றாள்.

கவுண்டரில் இருந்த பெண், "மூணு மாசத்துக்கு ஒருக்கா வருதுன்னா, இன்னும் கொஞ்சம் கூடவே எடுக்கலாமேம்மா" என்றாள்.

"ஆறு மாசம் வராதுன்னு வெச்சுக்கோ."

"இந்தக் கணக்குக்குக் கார்டு?"

"வேணாம். கார்டு கையில இருந்தா எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

அந்த வாரக் கடைசியில் புருஷனுடைய அண்ணன் வந்தார். அவருடைய சரக்கு வேன் இன்ஜின் வேலைக்காகப் பட்டறையில் நின்றது. செலவுக்குப் பணம் தருவதாகத் தம்பி ஏற்கெனவே தலையாட்டியிருந்தார்.

"பென்ஷன் வந்துடுச்சாமேம்மா" என்றார் அண்ணன்.

"வந்துச்சு மாமா. ஆனா அது வரப்போற மாசங்களுக்குச் சோறு. ஒண்ணாந்தேதி வாங்க, எங்க செலவுலேருந்து கொஞ்சம் ஒதுக்கித் தரேன். அடுத்த மாசமும் தரேன்."

"பிச்சை மாதிரி மாசாமாசம் வந்து நிக்கணுமா?"

"நாங்களும் அப்படித்தான் நிக்கிறோம் மாமா."

அவர் காபியைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். புருஷன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "எங்க அண்ணன் முன்னாடி என் தலையைக் குனிய வெச்சுட்டே" என்றார். அவளுக்கும் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்தியது. இருந்தாலும் வங்கிப் பக்கம் போகவில்லை.

அடுத்த பென்ஷன் வழக்கத்தைவிடப் பிந்தியது. நான்கு மாதம், ஐந்து மாதம் என்று போயிற்று. அவளோடு ஓய்வு பெற்ற டிரைவர் தன் பைக்கை விற்றுவிட்டார். ஆனால் கண்டக்டரம்மா வீட்டு அடுப்பும் மாத்திரையும் ஒன்றாம் தேதியை நம்பி நடந்தன. ஏழாவது மாதம் தனிக் கணக்கு தரைதட்டியபோது, சாப்பிடும்போதே புருஷனிடம் அறிவித்தாள். "இந்த மாசம் பாதிச் சம்பளம்தான்."

"அப்ப நான் யூனியன் வைக்கணும்" என்றார் அவர். அண்ணன் வந்துபோன பிறகு அன்றுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார். மறுநாளே தூரிகையை எடுத்துக்கொண்டு, ஏணி வேண்டாத வேலையாக, நர்ஸ் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வாசல் கேட்டுக்கு வண்ணம் அடிக்கப் போனார். கூலியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, "இதையும் உள்ள தள்ளு" என்றார்.

ஒருவழியாகப் பென்ஷன் பணம் வந்தது. அவள் மாதத் தொகையை ஒரு துளியும் ஏற்றவில்லை. அதற்கடுத்த ஒன்றாம் தேதி அண்ணன் வந்து, வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். அவள் ஒதுக்கிய பணத்தைக் கொடுத்தாள். எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டார்.

"உள்ள வாங்க மாமா, காபி போடறேன்."

அவர் செருப்பைக் கழற்றினார்.