அன்று அந்தக் காரில் பாட்டு ஓடவில்லை

செய்தி சொன்னது பால் வண்டிக்காரர். "செல்லமுத்து போயிட்டாருங்க. வளைவுல லாரி அடிச்சிருச்சு" என்றவர் அதே மூச்சில், "அந்தப் பாட்டுப் பொட்டி சத்தத்துல ஹாரன் கேட்டிருக்காதுங்க" என்றும் சொன்னார். சாவும் அதற்கான காரணமும் ஒன்றாகவே மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி வந்துவிட்டன. என் ரிப்பேர் கடை மேசையில் செல்லமுத்துவின் ஆம்ப்ளிஃபயர் பிரித்துப்போட்டபடி கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டியவர் அவர். அவரை அறிந்தவர்களுக்கெல்லாம் அந்தக் காரையும் தெரியும். மேடையில் வைக்கிற பதினைந்து அங்குல ஸ்பீக்கர் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, காருக்கு பேஸ் வேண்டும் என்றார். காருக்கென்றே சப்வூஃபர் இருக்கிறது, அதை வாங்குங்கள் என்றேன். மேடை ஸ்பீக்கர் தூரத்தில் நிற்கிற கூட்டத்துக்காகச் செய்தது. நெஞ்சில் குத்தும், ஆனால் அடியில் உருளுகிற அதிர்வைத் தராது என்று விளக்கினேன். "எனக்கு அந்தக் குத்துதானுங்க வேணும். நம்மூரு மேளம் அப்படித்தானே விழுகும்" என்றார். ஸ்பீக்கரை அடைக்கிற பெட்டி பெரிதாக இருந்தால்தான் கொஞ்சமாவது அடி வரும் என்றதும் டிக்கி முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் காரில் ஏறியவர்கள் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் போனார்கள், அவர் மனைவி பாவாயி உட்பட.

ஒருமுறை அவரோடு மலை ஏறினேன். முதல் வளைவு வந்ததும் பாட்டை நிறுத்தினார். எழுபது வளைவும் முடிந்து மேலே போன பிறகுதான் மறுபடி போட்டார். பாதியில் அறுத்துவிட்டாரே என்று எனக்கு எரிச்சல். "வளைவுல காதுதானுங்க கண்ணு" என்றார். "எதுக்கால வாரவன் அடிக்கிற ஹாரன் கேக்கோணும். பாட்டு எங்கீங்க ஓடிப் போவுது?"

சாவதற்கு மூன்று நாள் முன்னால் கடைக்கு வந்திருந்தார். மூன்றாவதாக ஒரு ஸ்பீக்கரையும் சேர்த்தால் இன்னும் பிரமாதமாக இருக்கும் என்று நான்தான் ஆசை காட்டினேன். "ரெண்டுக்கு மேல அது தாங்குமுங்களா?" என்று தயங்கினார். எனக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றையும் ஒரே இணைப்பில் கட்டினேன். இரண்டாவது பாட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கருகியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். "போவுதுங்க, மெதுவா பாருங்க" என்று அதையும் கார் ஸ்டீரியோவையும் மூன்றாவது ஸ்பீக்கரையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

எழவு வீட்டில் எல்லோரும் பெட்டியைத்தான் பேசினார்கள். ஹாரன் அடித்தேன் என்றான் லாரிக்காரன். நிஜமாகவே அடித்தாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. காரின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. ஸ்டீரியோ இருந்த இடம் காலியாக இருந்ததை யார் கவனிக்கப் போகிறார்கள்? டிக்கியில் பெட்டி அப்படியே இருந்தது, ஊருக்கு அது போதும். உண்மையைச் சொன்னால் கருக்கியது யார் என்ற கேள்வி வரும். இத்தனை வருடமாகக் கடை வைத்திருக்கிறவன் கம்பியைத் தப்பாகக் கட்டினான் என்று பேசுவார்களே என்று பயந்தேன். அற்பப் பயம். அதற்காக ஒரு நல்ல ஓட்டுநரின் பெயரைக் கெட விட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது ஸ்பீக்கர் இரண்டும் மிளகுக் கொடி ஓரத்தில் அரிவாளால் கிழிக்கப்பட்டுக் கிடந்தன. பாவாயி கிழித்தது. அங்கேயே நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அவரு பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போயி சாவலீங்களா?"

"இல்லீங்க. காருல சத்தமே இல்லீங்க. ஹாரன் அடிச்சிருந்தா அவருக்குக் கேட்டிருக்குமுங்க."

பாவாயி குனிந்து கிழிந்த ஸ்பீக்கர் ஒன்றை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "பொணத்துக்கு முன்னால நின்னு அவரத் திட்டினேனுங்க. பதினாறு நாளாத் திட்டறேன். நீங்க பக்கத்துலதானே நின்னீங்க" என்றார்.

ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், பாவாயி வாங்கவில்லை. கடையில், எல்லோர் கண்ணிலும் படுகிற அலமாரித் தட்டில் வைத்திருக்கிறேன். பழுது பார்க்கவில்லை. யாருடையது என்று கேட்கிறவர்களிடம் சொல்கிறேன்: செல்லமுத்துவுடையது. நான் கருக்கியது. அவர் செத்த அன்று இது இந்த மேசையில் கிடந்தது.