குழையாத கிழங்கு

வேலைக்கு எடுத்த அரபி முதலாளி, கஃபீலிடமிருந்து ஓடி ஜித்தாவுக்கு வந்திருந்தேன். பாஸ்போர்ட் அவரிடமே இருந்தது. பகலில் ஷரஃபியா கடைத்தெருவின் பின்புறம் கூலி வேலைக்கு நிற்பேன். பொழுது சாய்ந்தால் படுக்க இடம் தேடுவேன். சாப்பாடு கிடைத்தால் உண்டு. அங்கே மளிகை வைத்திருந்த கீழக்கரைக்காரர் ஒருநாள் கூப்பிட்டார்.

“ஆப்பிரிக்காக்காரம்மா ஒண்ணு சுமை தூக்குறவங்களுக்குச் சோறு போடுது. கை வெந்துபோய்க் கெடக்கு. சேப்பங்கிழங்கு அவிப்பியா?”

“அதைத் தின்னுதான் வளர்ந்தேன், காக்கா,” என்றேன். அவர் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“வளர்ந்த லட்சணந்தான் தெரியுதே. போ.”

அந்த அம்மா ஹஜ்ஜுக்கு வந்து, கணவர் இறந்தபின் திரும்பாமல் தங்கிவிட்டவள். தகரக் கொட்டகைதான் கடை. கிழங்கை அவித்து, தோல் உரித்து, மர உரலில் இடிக்க வேண்டும் என்று அரைகுறை அரபியிலும் சைகையிலும் சொன்னாள். சமையல் சரியாக இருந்தால் சாப்பாடும் கொட்டகையில் ஒரு மூலையும் எனக்கு. பிறகு கைக்கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நான் நம் வழக்கப்படி, கொழகொழப்பு வருமுன் கிழங்கை இறக்கினேன். அரிக்காமல் இருக்க மளிகைக்கடைப் புளியைக் கரைத்து ஊற்றினேன். இடித்தால் கட்டிகள் உடையவில்லை.

மதியம் ஆட்கள் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உருட்டி, அவள் வைத்துவிட்டுப் போன குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவது அவர்கள் பழக்கம். முதல் கவளத்திலேயே ஒருவன் தொண்டையைச் சொறிந்தான்.

“பாய், கிழங்கை இடிச்சியா, கல்லை இடிச்சியா?” என்றான் இந்தி தெரிந்த இன்னொருவன். சிரித்தார்கள். பிறகு எல்லாரும் இருமத் தொடங்கினார்கள். பசியோடு எழுந்து வேலைக்குப் போனார்கள்.

அப்போதுதான் திரும்பியிருந்த அவள் விரல்நுனியில் தொட்டு நக்கினாள்.

“வேகல. புளிப்பு வேற. கலாஸ். யல்லா.”

முடிந்தது, கிளம்பு என்று என் துணி மூட்டையைக் காலால் வாசலுக்குத் தள்ளினாள்.

முந்தின நாள்தான் அந்தத் தெருவில் காகிதமில்லாத இருவரைப் போலீஸ் பிடித்துப் போயிருந்தது. நான் மூட்டையை எடுக்கவில்லை. இடித்தது முழுவதையும் பானையில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் ஏற்றினேன். “யல்லா” என்றாள் மறுபடியும். நான் விறகை முறித்து வைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொதித்து, கட்டிகள் கரையத் தொடங்கின. கிழங்கு வெந்த வாசனை வந்தது. பசியில் எனக்குத் தலை சுற்றியது.

அவள் கட்டுப் போடாத கையால் மரத்துடுப்பை நீட்டினாள்.

“அடிப்பிடிக்கும். கிண்டு.”