இல்லாத தீக்கு வந்த வண்டி

1991இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் டெலிபோன் ஆபரேட்டர். ஒருநாள் காலை மேனேஜர் வந்து, "ஃபயர் சர்வீஸ் எவ்ளோ சீக்கிரம் வராங்கன்னு பாக்கணும். தீப்பிடிச்சிருச்சுன்னு போன் பண்ணும்மா" என்றார். மறுக்கத் தைரியமில்லாமல் செய்தேன்.

சீக்கிரமே வண்டி வந்துவிட்டது. குதித்து இறங்கிய ஒருவருக்குப் பாதி முகத்தில் சவர நுரை.

"எங்கம்மா தீ?"

"இல்ல சார்... சும்மா டெஸ்ட்டுக்கு."

அவர் நுரையைத் துடைத்தார். "இன்னிக்கு எனக்கு ரெஸ்ட்டும்மா. ஸ்டேஷன் பின்னாடிதான் வூடு. பெல் அடிச்சா அப்டியே ஓடியாரணும்."

அப்போது உள்ளே என் மேஜையில் போன் அடித்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்துதான். "வண்டி அங்கியே நிக்குதா? சேரப்பணஞ்சேரில குடிசைங்க எரியுது. நம்மகிட்ட ஒரே வண்டிதாம்மா, உடனே அனுப்பு!"

போனை வைத்துவிட்டு வெளியே ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் ஒரு வார்த்தை திட்டாமல் ஏறிப் பறந்தார்கள்.

உயிர்ச்சேதம் இல்லை. நான்கு குடிசைகள் சாம்பல். மறுநாள் அங்கே போனேன். கருகிய பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண், "வண்டி வேற எங்கியோ பூட்ச்சாம். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா என் வூடாவது மிஞ்சியிருக்கும்" என்றாள்.

அந்த வண்டியை அழைத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.